அம்மாவின் கோலமும் அச்சுக் கட்டமும்

(இளம் அறிவியல், கணிதம், இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர்)

மார்கழி மாதத்தில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் முன்னால் எழுபவள் என் அம்மா. சேவல் கூவுமுன்னே சாணம் தெளித்து, வாசலைக் கூட்டி, இடுப்பில் கோலப்பொடிக் கிண்ணத்தை இடுக்கிக்கொண்டு குனிந்தாள் என்றால், நிமிரும்போது கிழக்கு வெளுத்திருக்கும். "இருபத்தொண்ணு புள்ளி, இருபத்தொண்ணு வரிசை" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். ஒரு புள்ளியும் தப்பாது. பள்ளிக்கூடத்தின் வாசலை மிதித்தறியாத அவளுக்கு 441 என்ற எண்ணை எழுதத் தெரியாது. ஆனால் தரையில் வைக்கத் தெரியும்.

கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. இன்று தேநீர்க் கடையிலிருந்து கோயில் உண்டியல் வரை எங்கும் ஒட்டியிருக்கிறதே ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம், கியூஆர் கோடு என்கிறோமே, அதன் மிகச் சிறிய வடிவமும் இருபத்தொரு வரிசை, வரிசைக்கு இருபத்தொரு சதுரம்! நூலகத்தின் கணினியில் இதைப் படித்த அன்று எனக்கு அடுத்த வகுப்பில் மனம் நிற்கவில்லை. பேருந்து ஏறி வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லவேண்டும் என்று துடித்தேன். சொன்னேன். "அதுக்கென்ன?" என்று கேட்டுவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டாள்.

அதுக்கென்ன என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டத்தில் ஒரு சிற்றூர். வானம் பார்த்த பூமி. பருத்தியும் மக்காச்சோளமும் எங்கள் உயிர். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் காடு. அது கைவிட்ட நாளில் கூலி வேலை. அம்மாவுக்குக் களையெடுப்பு, பருத்தி எடுப்பு, நூறு நாள் வேலை. எங்கள் குடும்பத்தில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். சிமெண்டு லாரிகள் கிளப்பும் வெண்புழுதியில் நாள்தோறும் பேருந்தேறி வந்து, அரியலூரில் இறங்கும்போது தலைமுடி ஒரு பிடி நரைத்திருக்கும். அந்த நரையைத் தட்டிவிட்டுத்தான் வகுப்புக்குள் நுழைகிறேன்.

அந்தக் கட்டத்தை நான் முதன்முதலில் பார்த்தது பள்ளியில் அன்று. நியாய விலைக் கடையில். 2017 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு பழைய குடும்ப அட்டைகளுக்குப் பதிலாக மின்னணு அட்டை கொடுக்கத் தொடங்கியது. எங்களுக்கு வந்த அட்டையில் அப்பாவின் படமும், பக்கத்தில் இந்தக் கட்டமும் இருந்தன. கடைக்காரர் தம் கையிலிருந்த கருவியை அதன்மேல் காட்டினார். கருவி கீச்சென்றது. எங்கள் வீட்டு ஆட்கள் அத்தனை பேரின் பெயரும் திரையில் வந்தன. அம்மா அதை மிரட்சியோடு பார்த்தாள். வீட்டுக்கு வரும் வழியில், "அந்தப் பொட்டிக்குள்ள நம்ம நாலு பேரும் இருக்கோமாம், பாப்பா" என்றாள். அன்று முதல் அந்த அட்டை மஞ்சள் டப்பாவில், தாலிக் கயிற்றுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது.

பிறகு வந்தன புதிய பாடநூல்கள். 2018-2019 கல்வியாண்டில் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்று ஆகிய வகுப்புகளுக்கு முதலில் வந்தன. அடுத்த ஆண்டு நான் ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்தபோது என் கைக்கு வந்த புத்தகத்தின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. வண்ணப் படங்கள், வழவழப்பான தாள். பாடத்துக்குப் பாடம் அதே கட்டம். 'விரைவுக் குறியீடு' என்று தமிழில் பெயர் வைத்திருந்தார்கள். நல்ல பெயர்தான். கைப்பேசியை அதன்மேல் பிடித்தால், நடுவண் அரசு 2017 செப்டம்பர் 5-ஆம் நாள், ஆசிரியர் தினத்தில், தொடங்கிய தீக்ஷா தளத்தில் அந்தப் பாடத்துக்கென்று வைத்திருக்கும் காணொளி திறக்கும். கணக்குப் புத்தகத்திலோ 'இணையச் செயல்பாடு' என்று தனிப் பக்கமே உண்டு. அதிலுள்ள கட்டம் ஜியோஜீப்ரா என்னும் கணிதச் செயலிக்கு அழைத்துப் போகும்.

அழைத்துப் போகும் என்று எழுதிவிட்டேன். யாரை?

எங்கள் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். கைப்பேசி ஆசிரியரிடம் ஒன்று. ஒருநாள் வட்டங்களைப் பற்றிய பாடம் நடத்தி முடித்ததும், அவர் தம் கைப்பேசியை எடுத்து இணையச் செயல்பாட்டுப் பக்கத்தின்மேல் பிடித்தார். நாங்கள் பலாப்பழத்தை ஈ மொய்ப்பதுபோல் மொய்த்தோம். எனக்கு இரண்டு தோள்களுக்கு இடையே கிடைத்தது ஒரு சாண் இடைவெளி. அதன் வழியே பார்த்தேன். ஒரு வட்டம். அதன் ஒரு வில்லிலிருந்து மையத்துக்கு ஒரு கோணம். பரிதியில் ஒரு புள்ளிக்கு இன்னொரு கோணம். ஆசிரியர் தம் விரலால் அந்தப் புள்ளியைப் பரிதியின்மேல் இழுத்தார். கோடுகள் சாய்ந்தன, நீண்டன, குறுகின. ஆனால் கோணம் மாறவில்லை! மையத்துக் கோணத்தில் சரிபாதியாகவே நின்றது. பத்து விநாடி இருக்கும். அதற்குள் ஒரு பையனின் தலை குறுக்கே வந்துவிட்டது.

நண்பர்களே, கரும்பலகையில் அதே தேற்றத்தை நான் மூன்று முறை எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். அன்றுதான் அது எனக்குத் தேற்றமாயிற்று. நீ ஏன் கணிதம் எடுத்தாய் என்று சேர்க்கையின்போது என்னைக் கேட்டார்கள். மதிப்பெண் வந்தது, அதனால் எடுத்தேன் என்று சொன்னேன். அந்தப் பத்து விநாடியைச் சொல்ல அன்று நாக்கு எழவில்லை.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். நான் பத்தாம் வகுப்புக்கு வந்தது வீட்டுத் திண்ணையிலேயே. பாடநூல்கள் வந்து சேர்ந்தன. பள்ளிக்கூடம் வரவில்லை. கல்வித் தொலைக்காட்சி இருந்தது. ஆனால் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி பழுதாகி ஓராண்டு ஆகியிருந்தது. முந்தைய 2018-ஆம் ஆண்டில் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைக் குருத்தோடு தின்றுவிட்டுப் போனதை எங்கள் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு பட்ட கடனை அப்பா இன்னமும் கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் போய்க் கைப்பேசி வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது? கேட்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் அந்தக் கட்டங்கள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன, பூட்டிய வீட்டுச் சன்னல்களைப் போல.

ஊரடங்கில் திருப்பூர்ப் பனியன் வேலையை விட்டுவிட்டுப் பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், மனைவியோடு ஊர் திரும்பினார். அவரிடம் கைப்பேசி இருந்தது. ஊருக்குள் அலைவரிசை எட்டாது. ஏரிக்கரை ஆலமரத்தடிக்குப் போகவேண்டும். மாலையில் அண்ணன் அங்கே போகும்போது நானும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். கட்டத்தைக் காட்டுவேன், காணொளி நின்று நின்று ஓடும், நான் பார்த்துக்கொண்டே நோட்டில் எழுதுவேன். மறுநாள் அந்த நோட்டைத் தெருவில் இன்னும் மூன்று பெண்கள் வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். அச்சிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வானத்துக்குப் போன பாடம், ஏரிக்கரையில் இறங்கி மறுபடியும் காகிதமாகியது. இதை எந்த வல்லுநரும் திட்டமிட்டிருக்க மாட்டார்!

பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு மாலை வாசலில் நிற்கும்போது உள்ளே அண்ணி சொன்னது காதில் விழுந்தது. "நமக்கே ஒரு நாளைக்கு அளந்துதான் நெட்டு கொடுக்கிறான். தெனமும் வந்துடுதே அந்தப் பொண்ணு." அண்ணியைக் குற்றம் சொல்லமாட்டேன். வேலையிழந்து வந்த வீட்டில் அதுவும் ஒரு செலவுதான். ஆனாலும் காலில் போட்டிருந்த செருப்பு ஓசைப்படாமல் திரும்பி நடந்தேன். அதன் பிறகு பல நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டு ஓடு ஒழுகும் இடங்களை நாங்கள் அறிவோம். ஆனால் அந்த ஆண்டு புதிதாக ஓர் இடத்தில் ஒழுகிற்று. அதன் நேர் கீழே என் கணக்குப் புத்தகம். வடிவியல் பாடத்தின் முதல் பக்கம் ஊறி, மை கலங்கி, கட்டம் இருந்த இடம் தேய்த்த கரித்துணிபோல் ஆகிவிட்டது. தேல்ஸ் தேற்றம் வரும் பாடம் அது. எனக்கு விளங்காமல் நின்றதும் அதுதான்.

பக்கத்து ஊரில் என் வகுப்புத் தோழி ஒருத்தி இருந்தாள். நான்கு கிலோமீட்டர் நடை. அவள் புத்தகத்தைக் கேட்டேன். "நானும் படிக்கணுமே" என்றாள். நியாயந்தான். அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அறிவியல் செய்முறை நோட்டிலிருந்து ஒரு வரைபடத்தாளைக் கிழித்தேன். அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அந்தக் கட்டத்தை, சதுரம் சதுரமாக எண்ணி எண்ணிப் பேனாவால் வரைந்தேன். இருபத்தொன்பது வரிசை, வரிசைக்கு இருபத்தொன்பது. மொத்தம் 841 சதுரம். அம்மா புள்ளி வைப்பதைப் பதினைந்து வருடம் பார்த்த கண் அல்லவா? இரண்டரை மணி நேரம் ஆயிற்று. தோழியின் பாட்டி இடையில் வந்து பார்த்து, "இதென்ன கோலம், சிக்கே இல்லையே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் தப்பு! ஒரு வரிசையில் மூன்று சதுரம் இடம் மாறியிருந்தது. இன்னோரிடத்தில் வெள்ளையாக இருக்கவேண்டியதைக் கறுப்பாக்கியிருந்தேன். வேறொரு மூலைக்குப் பக்கத்தில் மை இழுவியிருந்தது. திருத்த இடமில்லை. அழுகை வந்துவிட்டது. அம்மா என்ன ஏது என்று விசாரித்தாள். விசாரித்துவிட்டு எதுவும் சொல்லாமல், முறத்தில் ஒரு படி கடலையை அள்ளிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு நடந்தாள். "புள்ளை ஏதோ வரஞ்சிருக்குது. அது வேலை செய்யுதான்னு ஒரு தடவை பாத்துச் சொல்லு, தம்பி" என்று அண்ணனிடம் சொன்னாள். கடலையை அண்ணியிடம் கொடுத்தாள்.

ஏரிக்கரையில், ஆலமரத்தடியில், குடையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் கைப்பேசியை என் காகிதத்தின்மேல் பிடித்தார். முதல் முறை ஒன்றுமில்லை. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறை கை நடுங்காமல் பிடித்தார். திறந்துகொண்டது! "அடிப் பாவி!" என்றார் அண்ணன். அண்ணி என் தலையில் ஒரு குட்டுக் குட்டி, "இனிமே தெனமும் வா" என்றாள். அன்று அவள் சொன்னதற்கும் முன்பு சொன்னதற்கும் நடுவே இருந்தது ஒரு படி கடலையா, ஒரு வரைபடத்தாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இங்கே ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடவேண்டும். தீக்ஷாவின் கட்டத்துக்கு அடியில் ஆறு எழுத்துகள் அச்சிட்டிருப்பார்கள். கட்டம் கெட்டுப்போனால் அந்த ஆறு எழுத்தைச் செயலியில் தட்டினாலே போதும், பாடம் வந்துவிடும். இதை நான் அறிந்தது பன்னிரண்டாம் வகுப்பில். 841 சதுரத்தை இரண்டரை மணி நேரம் வரைந்த புத்திசாலி, அடியிலிருந்த ஆறு எழுத்தைப் பார்க்கவில்லை!

அந்த ஆண்டு 2021 ஜனவரி 19-இல் எங்களுக்குப் பள்ளி திறந்தது. பிப்ரவரியில் ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பினர் அனைவரும் தேர்ச்சி என்று அறிவித்துவிட்டார்கள். என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மதிப்பெண் இல்லை. தேர்ச்சி என்ற ஒரு சொல் மட்டும் இருக்கிறது. தேல்ஸ் தேற்றத்தை யாரும் என்னிடம் கேட்கவே இல்லை.

ஆனால் தப்பாக வரைந்த கட்டம் ஏன் திறந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. அதைத் தேடிப் போன கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். கணிதத் துறையினர் அல்லாதவர்கள் அஞ்சவேண்டாம்.

இந்தக் கட்டத்துக்கு முன் பிறந்தது கோடுகளாலான பட்டைக் குறியீடு. சோப்புக் கட்டியின் உறையில் பார்த்திருப்பீர்கள். அதை நினைத்தவர் அமெரிக்கரான நார்மன் ஜோசப் உட்லண்ட். கடற்கரை மணலில் உட்கார்ந்து, தந்தி மொழியின் புள்ளியையும் கோட்டையும் விரலால் கீழ்நோக்கி இழுத்தாராம். புள்ளி மெல்லிய கோடாகவும் கோடு தடித்த கோடாகவும் நீண்டன. அவரும் பெர்னார்டு சில்வர் என்பவரும் 1952-இல் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் 1974 ஜூன் 26-ஆம் நாள்தான் ஒஹையோ மாநிலத்து டிராய் நகர அங்காடி ஒன்றில் முதல் பொருளை அந்த முறையில் விற்றார்கள். பொருள் என்ன தெரியுமோ? ஒரு கட்டு மெல்லும் மிட்டாய்!

கோடு இருபது எழுத்துக்குமேல் தாங்காது. ஜப்பானில் டென்சோ நிறுவனத் தொழிற்சாலையில், வண்டி உதிரிபாகப் பெட்டி ஒன்றுக்குப் பத்துப் பட்டைகளைப் படித்துப் படித்துத் தொழிலாளர்கள் அலுத்துப்போனார்கள். அவர்களின் அலுப்பைத் தீர்க்கப் புறப்பட்டவர் மசாஹிரோ ஹரா. கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் 'கோ' என்னும் ஆட்டப் பலகையைப் பார்த்தபோது, கோட்டுக்குப் பதில் சதுரங்களை நிரப்பலாமே என்று அவருக்குத் தோன்றியதாம். 1994-இல் கியூஆர் கோடு வெளிவந்தது. காப்புரிமை இருந்தும், யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். எங்கள் ஊர்த் தேநீர்க் கடைக்காரர் காசு கொடுக்காமல் அதை ஒட்டிவைத்திருப்பதற்குக் காரணம் அந்தப் பெருந்தன்மை.

மூன்று மூலைகளில் சதுரத்துக்குள் சதுரம் இருக்கிறதல்லவா? கோலத்துக்குப் பிள்ளையார் பிடித்துவைப்பதுபோல் அவைதான் முதல். எந்தப் பக்கமிருந்து வெட்டிப் பார்த்தாலும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று 1:1:3:1:1 விகிதம் வரும். செய்தித்தாள், விளம்பரம், அட்டைப்பெட்டி என்று அச்சான பலவற்றையும் அலசி, மிக அரிதாக வரும் விகிதம் இதுவே என்று கண்டு தேர்ந்தெடுத்தார்கள். கைப்பேசி எத்தனை எழுத்துகளுக்கு நடுவிலும் அந்த மூன்றை அடையாளம் கண்டுகொண்டு, இதுதான் கட்டம், இப்படித்தான் நிமிர்த்தவேண்டும் என்று தெரிந்துகொள்கிறது.

இனி என் தப்புகளுக்கு வருகிறேன். 1960-இல் இர்விங் ரீடு, குஸ்தாவ் சாலமன் என்ற இரண்டு கணித அறிஞர்கள் ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். அதன் உயிர்க்கருத்து நமக்குப் பள்ளியிலேயே தெரியும். ஒரு நேர்க்கோட்டைச் சொல்ல இரண்டு புள்ளி போதும். நான் உங்களுக்கு இரண்டே புள்ளி அனுப்பி, வழியில் ஒன்று இடம் பெயர்ந்தால், நீங்கள் தப்பான கோட்டை வரைவீர்கள். தப்பு என்றும் அறியமாட்டீர்கள். ஆனால் அதே கோட்டின்மேல் ஐந்து புள்ளி அனுப்புகிறேன் என்று வையுங்கள். ஒன்று இடம் பெயர்ந்தாலும் மற்ற நான்கும் வரிசையாக நின்று, "அவன் எங்கள் கூட்டத்து ஆள் அல்லன்" என்று காட்டிக்கொடுத்துவிடும்! கோட்டுக்குப் பதில் உயர்படிப் பல்லுறுப்புக் கோவையை வைத்தால் பல பிழைகளைத் திருத்தலாம். 1977-இல் ஏவிய வாயேஜர் விண்கலம் தொலைதூரத்திலிருந்து அனுப்பிய படங்களைக் காத்தது இந்தக் கணிதம். கட்டத்தில் நான்கு நிலைகள் உண்டு. ஏறத்தாழ 7, 15, 25, 30 விழுக்காடு வரை கெட்டாலும் மீட்கலாம். ஏரிக்கரையில் ஐந்தாறு சதுரம் தப்பிய ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணை மன்னித்ததும் அதே கணிதம். மிகையாக வைத்ததால் பிழைத்தது. தேர்வில் ஒரு குறி தவறினால் அடித்துவிடும் எங்கள் துறைப் பேராசிரியர்கள் இதைக் கருணையோடு கவனிக்கவேண்டும்!

புத்தகத்தில் கட்டம் வைக்கும் எண்ணத்துக்கு நம் நாட்டில் முன்னோடி மராட்டிய மாநிலம் சோலாப்பூர் மாவட்டத்துப் பரிதேவாடி கிராமப் பள்ளி ஆசிரியர் ரஞ்சித்சிங் திசாலே. அவருக்கு 2020-இல் உலக ஆசிரியர் பரிசு, பத்து லட்சம் டாலர், கிடைத்தது. பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்கும் பகிர்ந்து கொடுத்தார். ஒரு சிற்றூர் ஆசிரியரின் நினைப்பு நாடெங்கும் பரவியது பெருமைதான். ஆனால் கட்டத்தை அச்சிட ஆகும் செலவு ஒன்றுமில்லை. அதைத் திறக்கும் செலவு முழுவதும் பிள்ளையின் வீட்டுத் தலையில் விழுகிறது. அச்சடித்தவன் கொடுத்துவிட்டதாக நினைக்கிறான். பெற்றவளுக்கோ வந்து சேரவில்லை. இதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை என்பது என் வருத்தம்.

கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வந்தது. ஆறு மாதப் பணத்தைச் சேர்த்து, அரியலூரில் பழைய கைப்பேசி ஒன்று வாங்கினேன். இனிப் பூட்டிய சன்னல் எனக்கு இல்லை என்று இறுமாந்திருந்தேன். அந்த இறுமாப்பு சென்ற ஆண்டு ஒருநாள் உடைந்தது.

அப்பாவுக்கு இரத்த அழுத்தம். மருந்து வாங்கிக்கொண்டு பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம். மருந்து அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தவர், ஓரத்தில் அதே கட்டத்தைக் கண்டு, "இதுல என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டார். 2023 ஆகஸ்டு முதல் முந்நூறு மருந்துகளின் உறையில் இப்படிக் குறியீடு வேண்டும் என்று நடுவண் அரசு விதி செய்திருக்கிறது. செய்தவர் யார், எந்தத் தொகுதி, எந்த நாளோடு காலாவதி என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். அதைச் சொன்னேன். "சரி, படி" என்றார். என் கைப்பேசியில் மின்னேற்றம் தீர்ந்து அணைந்து கிடந்தது. "இது கண்ணால படிக்கிறது இல்லப்பா" என்றேன். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீதான் காலேசு படிக்கிற பிள்ளையாச்சே?"

கேலியில்லை. உண்மையாகவே கேட்டார். எழுத்து என்றால் படித்தவர்க்குத் தெரியும், படிக்காதவர்க்குத் தெரியாது என்பது அவர் ஐம்பது ஆண்டாக அறிந்த உலகம். அந்த ஆற்றைத் தாண்டட்டும் என்றுதான் என்னை அனுப்பினார். நானும் தாண்டினேன். தாண்டிப் போய்ப் பார்த்தால், அங்கே யாருமே கண்ணால் படிக்க முடியாத ஓர் எழுத்து! அதன் முன்னால் அப்பாவும் நானும், ஏன், பல்கலைக்கழகத் துணைவேந்தரும்கூட, ஒரே வரிசையில் நிற்கும் எழுத்தறியாதவர்கள்தாம். கருவி படித்துச் சொல்வதை நம்பவேண்டும். அவ்வளவே.

நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒன்று கண்டேன். பேருந்து நிலையம் அருகே பூ விற்கும் அக்கா ஒருவர். கூடையில் ஒரு கட்டத்தை ஒட்டி வைத்திருப்பார். யாரோ ஒரு படுபாவி அதன்மேல் அதே அளவில் இன்னொரு கட்டத்தை ஒட்டிவிட்டான். மூன்று நாள் மல்லிகை விற்ற காசு எவன் கணக்குக்கோ போயிற்று. பெயர்ப்பலகையை மாற்றி எழுதியிருந்தால் எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுவன்கூடச் சொல்லியிருப்பான். கட்டம் மாறியதை அக்காவும் அறியவில்லை, அவரிடம் நாள்தோறும் பூ வாங்கிய நானும் அறியவில்லை. இப்போது அவர் ஒவ்வொருவரிடமும், "பேரைப் பாத்துட்டு அனுப்புமா" என்கிறார். தம் பெயரை மட்டும் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். நான்தான் சொல்லிக்கொடுத்தேன், கூலி, நாளுக்கு ஒரு முழம் பூ.

என் தங்கை இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. அதே கணக்குப் புத்தகம். கட்டத்தின் அடியிலுள்ள ஆறு எழுத்தை அவளுக்கு முதல் நாளே காட்டிவிட்டேன். சென்ற மார்கழியில் அவள் ஏதோ தேடியபோது, தகரப் பெட்டியின் அடியில் என் பழைய வரைபடத்தாள் அகப்பட்டது. ஆனால் ஒரு மூலையைக் கரையான் அரித்திருந்தது. கைப்பேசியைப் பிடித்தேன். திறக்கவில்லை. முப்பது விழுக்காடு கெட்டாலும் மீளும் என்று பெருமை பேசினேனே, அந்தப் பெருமை மூலைச் சதுரத்துக்குச் செல்லாது. பிள்ளையார் போனால் போனதுதான்.

"போகட்டும், தாளைக் கிழிச்சுப் போட்டுடவா?" என்று தங்கை கேட்டாள். கோலப்பொடி சலித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். நன்றாயிருந்த இரண்டு மூலைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "மூணும் ஒரே அச்சுத்தானே?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப என்னத்துக்கு அழுவுறீங்க? ஒரு தாளை அடியில ஒட்டு. புள்ளி வச்சுக் குடு, நான் இழுத்துத் தாரேன்."

ஒட்டினேன். ஏழுக்கு ஏழு, பென்சிலால் புள்ளி வைத்தேன். பேனா பிடித்துப் பழகாத விரல்களால், கோலப்பொடியைக் கிள்ளுவதுபோல் பேனாவைக் கிள்ளிப் பிடித்து, அம்மா வெளிச்சதுரத்தை இழுத்தாள்; உள்ளே வெள்ளை விட்டாள்; நடுவிலே மூன்றுக்கு மூன்று அடைத்தாள். கோடு கொஞ்சம் கோணல். வாசற்படியில் தாளை விரித்து, நான்கு பக்கமும் கல் வைத்தோம். கைப்பேசியைப் பிடித்தேன். முதல் முறை ஒன்றுமில்லை. இரண்டாம் முறை கீச்சென்றது.

திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கிற்று. அலைவரிசை ஒரே ஒரு கோடு காட்டியது. அம்மாவும் தங்கையும் என் இரண்டு தோளிலும் சாய்ந்துகொண்டு, அது நிற்பதற்காகக் காத்திருந்தார்கள்.